வட்டத்துக்கு என்ன வெட்கம்? ‘நாண்’ என்ற ஒரு சொல், எத்தனை பொருள்?

தறிக்காரன் · இரவு 9:12

மகள் ஒன்பதாம் வகுப்பு. கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “அப்பா, வட்டத்துக்குள்ள போடுற கோட்டுக்கு நாண்னு பேர் வெச்சிருக்காங்க. அது எதுக்கு வெட்கப்படுது?” “அது வேற நாண், இது வேற நாண்” என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். பிரிட்ஜ் மேல் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடந்தது. அதை எடுத்து வந்து ‘மங்கல நாண் பூட்டும் விழா’ என்ற வரியில் விரலை வைத்து, “அப்போ இது எந்த நாண்?” என்றாள். கயிறு என்றேன். “கழுத்துல வந்தா கயிறு, முகத்துல வந்தா வெட்கமா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. இரண்டும் ஒரே சொல்லா, தற்செயலாக ஒரே உச்சரிப்பில் வந்து மாட்டிக்கொண்ட இரண்டு சொற்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பரோட்டாக்கடை_தத்துவம் · இரவு 9:20

பட்டர் நாணை விட்டுவிட்டீர்களே ஐயா.

ஓய்வாசிரியர் · இரவு 9:31

பரோட்டாக்கடைக்கு முதலில்: அது பாரசீகத்திலிருந்து வந்த ரொட்டி. றன்னகரம் போட்டு ‘நான்’ என்றுதான் எழுத வேண்டும். ஓட்டல் பலகைகளில் டண்ணகரம் எப்படியோ ஒட்டிக்கொண்டது.

இனி தறிக்காரருக்கு. ஒரு வட்டம் போட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்து, மகளிடம் காட்டுங்கள். கோட்டுக்கு ஒரு பக்கம் இருக்கிற வளைவை மட்டும் விட்டுவிட்டு மீதி வட்டத்தை அழித்துவிடுங்கள். கையில் ஒரு வில் நிற்கும். அந்த வளைவுக்குக் கணக்கில் பெயரே வில்தான். வில்லின் இரண்டு முனையையும் சேர்க்கிற கயிறு நாண். ஆக, கணக்குப் புத்தகத்து நாணுக்கு வெட்கம் ஏதும் இல்லை. அது வில்லின் கயிறு, அவ்வளவுதான்.

விலங்கியல்மணி · இரவு 9:38

எங்கள் பாடத்திலும் உண்டு. முதுகுநாண், தசைநாண், குரல்நாண். விலங்குகளையே முதுகுநாண் உள்ளவை, அற்றவை என்று இரண்டாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு வருடமும் கடைசி பெஞ்சிலிருந்து “முதுகுக்கு வெட்கம் இல்லாத பிராணி சார்” என்று ஒரு குரல் வரும். நானும் முதல் தடவை கேட்பது போலச் சிரித்துவைப்பேன்.

கணக்குப்புலி · இரவு 9:44

வில், நாண் என்ற உவமை வடமொழிக் கணிதத்திலும் இருக்கிறது. ‘ஜ்யா’ என்றால் வில்லின் நாண். அது ‘ஜீவா’ ஆகி அரபுக்குப் போனது. அங்கே எழுதிய எழுத்துகளை ‘ஜைப்’ என்று வாசித்தார்கள். ஜைப் என்றால் ஆடையின் மார்புப் பக்க மடிப்பு. லத்தீனில் அதையே ‘சைனஸ்’ என்று மொழிபெயர்த்தார்கள். இன்று பிள்ளைகள் எழுதுகிற சைன் தீட்டா அங்கிருந்து வந்ததுதான். வில்லின் கயிறாகப் புறப்பட்டது, சட்டை மடிப்பாகப் போய்ச் சேர்ந்தது.

மட்டுறுத்துநர் · இரவு 9:50

சுவாரசியமாகத்தான் இருக்கிறது. ஆனால் இழை வெட்கத்தைப் பற்றியது. தயவுசெய்து திரும்பி வாருங்கள்.

வேர்ச்சொல்லாளன் · இரவு 10:03

இரண்டும் ஒரே சொல்தான், இதில் என்ன சந்தேகம்? நாண் என்றால் வளைதல். வில்லை வளைப்பது நாண், தலையை வளைப்பது நாணம், காற்றுக்கு வளைவது நாணல். எல்லாம் ஒரே வேர். நாண் நயமாக அமைந்தது நாணயம், அதாவது பழிக்கு வெட்கப்படுகிறவனின் நேர்மை.

தோவாளைப்பூ · இரவு 10:19

நாணயத்தை இதில் இழுக்க வேண்டாம். அது ‘நாணகம்’ என்ற வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது, காசு என்று பொருள். குஷாணர் காசுகளில் இருந்த நனா என்ற பெண் தெய்வத்தின் பெயரோடு அதைச் சேர்த்துப் பேசுகிறவர்களும் உண்டு. செல்லாத காசு, கள்ளக்காசு என்றெல்லாம் பார்த்துப் பழகி, ‘நல்ல காசு போன்ற ஆள்’ என்ற பொருளில் நேர்மை பின்னால் வந்திருக்கும்.

ஒரே வேர் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. கயிற்றுக்குப் பழைய வடிவம் ஞாண். அரைஞாண் என்று இன்றும் எழுதுகிறோம். ஞண்டு நண்டானதும் ஞெகிழி நெகிழியானதும் போலத்தான் ஞாண் நாணானது. எங்கள் ஊர் தமிழும் மலையாளமும் கலந்த பக்கம். மலையாளத்தில் வில்லின் கயிறு ஞாண், வெட்கம் நாணம். கயிற்றின் மேல் நடக்கிற வித்தைக்கு ‘ஞாணின்மேல் களி’. மானக்கேடு ‘நாணக்கேடு’. அங்கே யாரும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. நம்மிடம் ஞ போய் ந வந்ததும் வேலி சாய்ந்துவிட்டது.

வேர்ச்சொல்லாளன் · இரவு 10:25

மலையாளமே நேற்று பிரிந்ததுதானே. அதை வைத்து எப்படி முடிவு செய்வது?

தோவாளைப்பூ · இரவு 10:28

நேற்றுப் பிரிந்த பிள்ளை வீட்டில் தாத்தாவின் பெட்டி அப்படியே இருப்பது உண்டு. பெட்டியைத் திறந்து பார்ப்பதில் தவறில்லை.

கயற்கண்ணி · இரவு 10:41

வேரைத் தோண்டுவதெல்லாம் சரி. ஆனால் இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிகிறது. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்க வைத்தார்கள், அதுவும் பெண்களுக்கு மட்டும். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் தரகரிடம் சொல்லி அனுப்பிய காரணம்: “காபி குடுக்கும்போது பொண்ணு நிமிந்து பாக்குது.” டம்ளர் தளும்பாமல் இருக்கிறதா என்று பார்த்தேன், வேறென்ன? இத்தனைக்கும் என் பாட்டி எப்போதும் சொன்னது, “நாணிக் கோணி நிக்காத, நேரா நில்லு” என்று. நாணத்தைக் கோணலோடு சேர்த்துச் சொன்ன அந்தக் கிழவிக்கு இருந்த புத்தி பாடப்புத்தகம் எழுதியவர்களுக்கு இல்லை.

ஓய்வாசிரியர் · இரவு 11:02

அம்மா, கோபம் நியாயம். தொல்காப்பியம் ‘அச்சமும் நாணும் மடனும்’ என்று மூன்றைத்தான் சொன்னது. பயிர்ப்பு பிறகு வந்து சேர்ந்தது. நாணைப் பெண்ணுக்கு உரியது என்று அந்த நூல் சொல்வதையும் மறைக்க முடியாது.

ஆனால் வள்ளுவர் இந்தக் குழப்பத்தை முன்பே பார்த்துவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். நாணுடைமை அதிகாரத்தின் முதல் குறளே பொருள் பிரிக்கிற குறள்:

கருமத்தால் நாணுதல் நாணுத் திருநுதல்
நல்லவர் நாணுப் பிற.

செய்யத் தகாததைச் செய்ய நேர்ந்தால் கூசுவதுதான் நாண். அழகிய நெற்றி உடைய பெண்களின் நாணம் வேறு வகை. அகராதிக்காரர் 1, 2 என்று எண் போடுவது போலப் பிரித்து, இரண்டாவதை வாசலிலேயே நிறுத்திவிட்டு, மற்ற ஒன்பது குறளிலும் முதலாவதைப் பற்றி மட்டும் பேசுகிறார். அந்த அதிகாரம் இருப்பது பொருட்பாலில். காதல் பேசுகிற இடத்தில் இல்லை.

அதன் கடைசிக் குறள் தறிக்காரர் மகளுக்காகவே எழுதியது மாதிரி இருக்கும்:

நாண்அகத் தில்லார் இயக்கம் மரப்பாவை
நாணால் உயிர்மருட்டி அற்று.

உள்ளே நாண் இல்லாதவர்கள் நடமாடுவது, மரப்பொம்மையைக் கயிற்றால் ஆட்டி உயிர் இருப்பது போல மயக்குவதற்குச் சமம். முதல் அடியில் நாண் வெட்கம், இரண்டாம் அடியில் கயிறு. உள்ளே இந்த நாண் இல்லாதவனை வெளியே இருந்து அந்த நாண் ஆட்டும். வேர் ஒன்றா இரண்டா என்று நாம் அடித்துக்கொள்கிறோம். அவர் இரண்டையும் ஒரே குறளில் முடிச்சுப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

தறிக்காரன் · இரவு 11:10

ஐயா, ‘கருமத்தால் நாணுதல்’ என்பதைப் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது? வெட்கம் என்றால் கன்னத்தைப் பொத்துவாள்.

ஓய்வாசிரியர் · இரவு 11:34

என் கதையையே சொல்கிறேன். ஆசிரியர் வேலைக்குப் புதிது. அரையாண்டுத் தேர்வுத் தாளில் ஒரு பையனுக்குக் கூட்டல் பிழை, 17 மதிப்பெண் குறைத்துப் போட்டுவிட்டேன். முதல் இடத்துக்கு வர வேண்டியவன் ஏழாவதாகப் போனான். அவன் கேட்கவில்லை, கேட்கிற வழக்கம் அப்போது கிடையாது. மூன்று நாள் கழித்து வேறொன்றைத் தேடும்போது அந்தத் தாள் கண்ணில் பட்டது. யாருக்கும் தெரியாது. மறுபடி கட்டி வைத்திருந்தால் முடிந்தது.

காது சுட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா வாத்தியார் வந்திருக்கிறார் என்று ஓடிப்போய், சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். கறிவேப்பிலையும் இஞ்சியும் மிதந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. கையில் வாங்கினேன். நல்ல வெயில், தொண்டை வறண்டு கிடந்தது. ஆனால் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை அதைக் குடிக்க முடியவில்லை. சொன்ன பிறகும் முடியவில்லை. திண்ணையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வெண்ணிக்காரன் · இரவு 11:47

வாத்தியார் சேரமான் கணைக்கால் இரும்பொறை ஆகிவிட்டார். சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடந்தபோது தண்ணீர் கேட்டு, அதைக் காலம் தாழ்த்திக் கொடுத்தார்களாம். வாங்கியவன் குடிக்காமலே உயிரை விட்டான். புறநானூறு 74.

ஓய்வாசிரியர் · இரவு 11:52

ஒப்பீடு கூச வைக்கிறது. அவன் பிறர் செய்த அவமதிப்பால் குடிக்கவில்லை. நான் என் தப்பால் குடிக்கவில்லை. அந்தப் பாட்டில் நாண் என்ற சொல்லும் இல்லை, அது மானம். மானம் பிறர் நம்மைத் தாழ்த்தும்போது எழுவது. நாண் நாமே நம்மைத் தாழ்த்திக்கொண்டோம் என்று தெரியும்போது வருவது. பேச்சில் இரண்டையும் கலந்துதான் அடிக்கிறோம்.

வெண்ணிக்காரன் · நள்ளிரவு 12:08

அப்படியானால் எங்கள் ஊர்க் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நீடாமங்கலம் பக்கத்துக் கோவில்வெண்ணி. கரிகாலனோடு பொருத பெருஞ்சேரலாதனுக்கு, மார்பில் பாய்ந்த வேல் முதுகில் புண்ணாகிவிட்டது. புறமுதுகு காட்டி ஓடியவன் இல்லை. ஆனாலும் முதுகில் புண் புண்தான். ‘புறப்புண் நாணி மறத்தகை மன்னன் வாள்வடக் கிருந்தனன்’ என்கிறார் கழாத்தலையார் (புறம் 65). வடக்கு நோக்கி உட்கார்ந்து, சோறு தண்ணீர் இல்லாமல் உயிரை விடுவது. இங்கே சொல்லே ‘நாணி’. அவன் செய்த தப்பு என்ன?

இன்னொன்று. அடுத்த பாட்டில் வெண்ணிக் குயத்தியார், வென்ற கரிகாலனைப் பார்த்தே, ‘நின்னினும் நல்லன் அன்றே’ என்று அந்தச் சேரனைப் பாராட்டுகிறார். குயவர் குடிப் பெண் என்பார்கள். வென்றவன் முன்னால் நின்று, தோற்று நாணியவன் உன்னைவிட நல்லவன் என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! அச்சமும் நாணும் பெண்ணுக்கு உரியவை என்ற சூத்திரம் அந்த அம்மாவுக்குத் தெரியாது போலிருக்கிறது.

கயற்கண்ணி · நள்ளிரவு 12:15

இது பிடித்திருக்கிறது. ஆனால் வடக்கிருந்ததை ஆகா ஓகோ என்று கொண்டாட என்னால் முடியாது. ‘நாணால் உயிரைத் துறப்பர்’ என்று குறளிலும் இருக்கிறது. முதுகில் புண் பட்டதற்குச் செத்தே போக வேண்டும் என்று ஒரு சமூகம் நினைக்க வைத்தால், அது உள்ளிருந்து வரும் நாணா, ஊர் கழுத்தில் போடுகிற கயிறா? இன்றைக்கும் ஏதாவது நடந்தால் வீட்டுப் பெரியவர்கள் “இதுக்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம்” என்கிறார்களே. வெட்கமும் கயிறும் அங்கே சேர்ந்தே வருகிறது.

வடமராட்சியான் · நள்ளிரவு 12:31

தங்கச்சி, அந்தச் சொல்லில வெட்கம் இல்லை எண்டுதான் நான் நினைக்கிறன். ஞாலுதல், நாலுதல் எண்டால் தொங்குதல். யானைக்கு நால்வாய் எண்டு பேர் இருக்கே, தொங்குற வாய். செல், சென்று மாதிரி நால், நான்று. நான்றுகொள்ளுதல் எண்டால் தூக்குப் போடுறது. எங்கட பேச்சில ஒன்றை ஒண்டு எண்டுவம், கன்றைக் கண்டு எண்டுவம். அதே மாதிரித்தான் நான்று நாண்டாகி இருக்கு. நாண் எண்ட சொல்லுக்கும் அதுக்கும் சொந்தமே இல்லை.

அரைஞாணை எங்கட பக்கம் அறுணாக்கொடி எண்டுவம். அதில இருக்கிற ‘ணா’ கயிறு எண்டு எனக்கே இண்டைக்குத்தான் உறைக்குது.

தறிக்காரன் · நள்ளிரவு 12:36

எங்கள் பக்கம் அரணாக்கயிறு. கருப்புக் கயிறு. கயிறு என்பதற்குப் பக்கத்தில் இன்னொரு கயிறு! நடு சென்டர் என்பது போல.

தோவாளைப்பூ · நள்ளிரவு 12:44

வடமராட்சியான் சொல்வது சரி. ஆனால் பேசுகிறவர் காதில் என்ன விழுகிறது என்பதும் ஒரு கணக்கு. நாண்டுக்கிட்டு என்னும்போது நம் காதில் நாணமும் விழுகிறது, கயிறும் விழுகிறது. ‘ஒத்தக் காலில் நாண்டுக்கிட்டு நிற்கிறான்’ என்றால் பிடிவாதம். அங்கே சாவும் இல்லை, வெட்கமும் இல்லை. எங்கிருந்து புறப்பட்ட சொல் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

மடலேறி · நள்ளிரவு 1:05

தூங்கப் போகும் முன் ஒன்று. நாணை விடுவதற்கும் வள்ளுவர் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார்: ‘நாணுத் துறவுரைத்தல்’. துறவு என்ற சொல்லைக் கவனியுங்கள். வீட்டை, சொத்தை, ஆசையைத் துறப்பது நமக்குத் தெரியும். காதலுக்காக ஒருவன் வெட்கத்தைத் துறக்கிறான். பனங்கருக்கால் செய்த குதிரையில் ஏறி, எருக்கம்பூ சூடி, ஊரெல்லாம் பார்க்கத் தெருவில் போவான். இதற்குப் பெயர் மடலேறுதல். ‘நாணொடு நல்லாண்மை பண்டுடையேன்’ என்று வருந்துவது ஆண்தான். நாண் பெண்ணுக்கு மட்டும் என்பவர்கள் இந்தக் குறளை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. இல்லாத பொருளைத் துறக்க முடியாதே.

எனக்கு மிகவும் பிடித்தது இது: ‘காமமும் நாணும் உயிர்காவாத் தூங்கும்’. கா என்றால் காவடித் தண்டு. உயிரே தண்டு. ஒரு முனையில் காதல், மறு முனையில் நாண், இரண்டும் தொங்குகின்றன. சொல்பவள் பெண். ‘என் நோனா உடம்பினகத்து’ என்கிறாள்: சுமை தாங்காத உடம்பு. ஒரு பக்கத்தை இறக்கினால் மறு பக்கம் கவிழ்ந்துவிடும்.

கயற்கண்ணி · நள்ளிரவு 1:14

அந்தக் குதிரையில் பெண் ஏறக் கூடாது என்று தடை போட்டதும் நம் ஆட்கள்தானே?

மடலேறி · நள்ளிரவு 1:22

ஆமாம். தொல்காப்பியம் தடுக்கிறது. கடல் அளவு காதல் இருந்தும் மடலேறாத பெண்ணே பெருமை உடையவள் என்று வள்ளுவரும் ஒரு குறள் போட்டுவிட்டார். ஆனால் திருமங்கையாழ்வார் பெரிய திருமடலில் பெண்ணாக நின்று பேசும்போது, பெண்கள் மடலூர மாட்டார்கள் என்று தென்னுரையில், அதாவது தமிழில், ஒரு பேச்சு உண்டு, ‘அதனை யாம் தெளியோம்’ என்று தள்ளிவிட்டு, வடநெறியே, அதாவது வடமொழி மரபே, வேண்டினோம் என்று ஏறிவிடுகிறார். பக்திக்கு அந்தத் தைரியம் உண்டு.

பரோட்டாக்கடை_தத்துவம் · காலை 6:50

இரவெல்லாம் விழித்திருக்கிறீர்கள் போல. எனக்கு ஒரு சந்தேகம். கோடி கோடியாக அடித்துவிட்டு மாலை போட்டுக்கொண்டு வருகிறார்களே, அவர்களுக்கு நாண் இருக்கிறதா இல்லையா?

ஓய்வாசிரியர் · காலை 7:15

‘அணிஅன்றோ நாணுடைமை சான்றோர்க்கு அஃதின்றேல் பிணிஅன்றோ பீடு நடை.’ நாண் இல்லாதவனின் மிடுக்கு நடை ஒரு நோய். மாலை போட்டால் நோய் மறையாது. இதற்கு மேல் போனால் மட்டுறுத்துநர் வந்துவிடுவார்.

கயற்கண்ணி கேட்டதற்கு இரவு பதில் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தேன். ஊர் போடுகிற கயிறு எது, உள்ளிருந்து இழுப்பது எது என்று பிரிப்பது சுலபம் இல்லை. நானே மோரைக் குடிக்காமல் வந்தது யாருக்காக? அந்த அம்மா அன்றைக்கு என்ன நினைத்திருப்பார்கள்? வாத்தியார் நம் வீட்டில் கை நனைக்கவில்லை என்றுதான் நினைத்திருப்பார்கள். சாதி பார்க்கிறார் என்றுகூட நினைத்திருக்கலாம். இத்தனை வருடத்தில் அந்தக் கோணத்தில் ஒரு தடவையும் யோசித்ததில்லை. என் நாணை நான் காப்பாற்றிக்கொண்டேன். அவர்கள் திண்ணையில் சொம்பை விட்டுவிட்டு வந்தேன்.

கயற்கண்ணி · காலை 7:32

ஐயா, அந்தப் பையன் இப்போது எங்கே?

ஓய்வாசிரியர் · காலை 7:40

பக்கத்து ஊரில்தான். மருந்துக்கடை வைத்திருக்கிறான். என் பிரஷர் மாத்திரை அவன் கடையில்தான் வாங்குகிறேன். பில்லை ஒவ்வொரு தடவையும் என் முன்னாலேயே இரண்டு முறை கூட்டிப் பார்ப்பான். கிண்டலா, பழக்கமா என்று இதுவரை கேட்கவில்லை.

தறிக்காரன் · மாலை 6:25

எல்லாருக்கும் நன்றி. வில்லை வரைந்து காட்டினேன். மரப்பாவைக் குறளையும் வாத்தியார் மோரையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “பாவம், அந்த அம்மா எவ்ளோ ஆசையா கரைச்சிருப்பாங்க” என்றாள். பிறகு பென்சிலை எடுத்து, மையம் வழியாக ஒரு கோடு போட்டு, “அப்போ விட்டம்தான் இருக்கிறதுலயே பெரிய நாண்” என்றாள். புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

இப்போது அடுத்த கேள்வியில் நிற்கிறோம். மையத்திலிருந்து நாணுக்கு வரையும் செங்குத்து, நாணை இருசமக் கூறிடும் என்று நிரூபிக்க வேண்டும். நாளைக்குத் தேர்வு. கணக்குப்புலி, இருக்கிறீர்களா?

கணக்குப்புலி · மாலை 6:31

இருக்கிறேன். மையத்திலிருந்து நாணின் இரண்டு முனைக்கும் ஆரம் வரையச் சொல்லுங்கள். இரண்டு செங்கோண முக்கோணம் கிடைக்கும். கர்ணம் இரண்டிலும் ஆரம்தான், செங்குத்து இரண்டுக்கும் பொது. மீதியை அவளே போட்டுவிடுவாள்.